குண்டு பாபுவின் காதில் விழுந்தது

உயிரே போனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று கோவிந்தராஜன் தீர்மானித்தார். அதை நேராக மனைவியிடம் அறிவிக்கத் துணிச்சல் போதாததால், முதலில் குளியலறைக் கண்ணாடியிடம் அறிவித்தார். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

கல்கத்தா பாலிகஞ்சில் மூன்றாவது மாடி ஃபிளாட். மகள் சுபிக்ஷா கல்யாணமாகிப் போனதும் காலியான அறை. அவள் கட்டில் வெளியே போன அன்றே இவர் கம்ப்யூட்டரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அது. அதனால்தானோ என்னவோ, அது ஒன்றுதான் உருப்படியாக நடந்திருந்தது.

உள்ளே உட்கார்ந்து அவர் பீரங்கி சுட்டார். நூறு வருஷத்துக்கு முந்திய போர்க்கப்பல் ஒன்றின் பீரங்கியிலிருந்து கிளம்பும் குண்டு எவ்வளவு உயரம் ஏறும், காற்று அதை எவ்வளவு இழுக்கும், கடலில் எங்கே போய் விழும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் ப்ரோகிராம் அது. அந்தக் காலத்துக் கடற்படைக்காரர்கள் நிஜமாகவே சுட்டுப் பார்த்துத் தயாரித்த தூர அட்டவணை ஒன்று அவரிடம் இருந்தது. இவருடைய குண்டும் அதே தூரத்தில் விழ வேண்டும். விழவில்லை. சாயங்காலம் தவறாமல் அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே தண்ணீரில் குதித்தது. மேலே போகப் போகக் காற்று மெலியும் என்பதைச் சேர்த்தார். பூமி சுற்றுவதைச் சேர்த்தார். பூமிதான் சுற்றியது, குண்டு நகரவில்லை.

இன்சூரன்ஸ் ஆபீசில் எழுதிய சிபாரிசுகள், கேட்ட புரமோஷன், மகளுக்குச் சொன்ன புத்திமதி என்று தான் எய்த எதுவுமே குறித்த இடத்தில் போய்ச் சேர்ந்ததில்லையே என்ற சந்தேகம் ஐம்பத்தாறு வயதில் அவரை அரித்துக்கொண்டிருந்தது. கோளாறு பீரங்கியிலா, தன்னிலா? இந்த ஒரு குண்டாவது சரியாக விழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மனைவி கோமளத்துக்கு அந்த அறை வேண்டியிருந்தது, தமிழ் வகுப்பு நடத்த.

"ஜாதவ்பூர்லேர்ந்தெல்லாம் குழந்தைகளை அனுப்பறேங்கறா. அத்தனையும் தமிழ்க் குழந்தைகள்தான். பசிக்கறதுன்னு சொல்லத் தெரியலே, 'கிதே பேயேச்சே'ங்கறதுகள். நீங்க அந்த அறைல அப்படி என்னதான் பண்றேள்?"

"குண்டு போடறேன்."

"யார் தலைல?"

"கடல்ல."

"கடல் உங்களை என்ன பண்ணித்து?"

இது விளையாட்டல்ல, இயற்பியல் என்று கோவிந்தராஜன் விளக்கினார். கோமளம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டறவாளைப் பாத்திருக்கேன். கப்பலையே கொண்டுவந்து நிறுத்தினவாளை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அவள் அவ்வளவு சுலபத்தில் விட்டது அவருக்கு வெற்றியாகப் பட்டது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன கோமளம் முகம் வெளிறித் திரும்பி வந்தாள். அண்ணி முறை வைத்து 'பௌதி' என்று அவள் கூப்பிடும் பக்கத்து ஃபிளாட் தாரா அழாத குறையாகப் பிடித்துக்கொண்டாளாம். அவள் புருஷன் சரியாகச் சாப்பிட்டு நாலு நாளாகிறதாம்.

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்கதான் பண்ணினேள். அவா பேர் என்ன?"

கோவிந்தராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் குண்டு பாபு. வங்காளத்தில் குண்டு என்பது கௌரவமான குடும்பப் பெயர்.

தமிழில்தானே பேசினோம் என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. வாலிப வயதில் கல்கத்தா ஆபீசுக்கு வந்து, திட்டு வாங்கியும் திட்டியும் வளர்ந்தவர் அவர். கணக்கைத் தமிழில் போடுவார், கோபம் மட்டும் வங்காளியில்தான் வரும். அதனால் தினமும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்து, "குண்டு, ஆர் எக்டு தூரே கியே பொரோ" என்று கத்திக்கொண்டிருந்தார். குண்டே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழேன் என்று அர்த்தம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குண்டு பாபுவின் வராண்டா. அங்கே அவர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார்.

"எந்தக் கோணத்துல தூக்கி எறிஞ்சா எங்க போய் விழுவார்னு கணக்கு வேற போடறேளாம். நேத்திக்கு அவர் தண்ணில விழுந்துட்டார்னு தலைல அடிச்சுண்டேளாம்."

"என்ன அநியாயம்டி இது! என் வீட்ல என் குண்டை நான் திட்டக்கூடாதா? விளக்கிச் சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு? எங்க பாஷைல வெடிக்கற சாமானுக்கு உங்க பேர்தான்னா? தடியனைக்கூட நாங்க அப்படித்தான் சொல்லுவோம்னா? மனுஷன் ஏற்கனவே நூறு கிலோ. போறாததுக்கு அசோசியேஷன் செகரட்டரி. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எடுக்கப் போறாராம்."

கோவிந்தராஜன் கொதித்தார். பேச்சுரிமை எங்கே போயிற்று என்று கேட்டார். கோமளம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் லிஃப்டில் குண்டு பாபுவே எதிர்ப்பட்டார். இவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆத்திரம் வருமா என்று இவர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

வார்த்தையை மாற்றிப் பார்த்தார். 'எறிகணை' நல்ல தமிழ்தான். ஆனால் "எறிகணையே" என்று திட்டினால் கோபம் பாதி வழியிலேயே பட்டிமன்றமாகிவிடுகிறது. 'ஷெல்' என்று அரைமணி நேரம் தாக்குப்பிடித்தார். குண்டு வழக்கம்போலக் கிட்டத்தில் விழுந்ததும் பழைய பெயரே வாயில் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோப்பை ஒன்று ணங்கென்று வைக்கப்பட்டது.

இரவெல்லாம் யோசித்தார். தான் நல்லவனா, கெட்டவனா என்பது வரை யோசித்தார். காலையில் ஒரு ராஜதந்திரம் பிறந்தது.

"கோமளம், மெஷினை அந்த ஜன்னல்கிட்டேர்ந்து எடுத்துடலாம்னு பாக்கறேன்."

"வேண்டாம். நீங்க ஆசையா வெச்சிருக்கேள்."

"எடுத்தா மட்டும் போறாது. அறை காலியா இருந்தா, குத்தம் பண்ணினவன் ஓடிட்டான்னு நினைப்பார். அங்க குழந்தைகள் சத்தம் கேட்டா மனசு இளகும். நீ உன் வகுப்பை அங்கயே வெச்சுக்கோ."

"அதெல்லாம் எதுக்கு? நான் வேற இடம் பாத்துண்டிருக்கேன்."

"நான் சொல்றதை ஒரு தடவையாவது கேளு."

கோமளம் பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம்" என்றாள். அன்று மத்தியானமே கரும்பலகை வந்து இறங்கியது. எப்படி அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மனைவியைத் தன் வழிக்குக் கொண்டுவந்த பெருமிதத்தில் இருந்தார்.

கம்ப்யூட்டர் சமையலறைக்குப் போகும் நடையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் குடியேறியது. மெஷின் துணி பிழியும்போது திரையில் கப்பல் ஆடியது. குண்டு முன்னைவிடக் கிட்டத்தில் விழுந்தது. இவரால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அறைக்குள்ளிருந்து "அ, ஆ" என்று கூட்டமாகக் குரல் வந்தது. தன் சொந்த வீட்டில், தன் சொந்தப் பீரங்கியை ஊமையாகச் சுட வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

இரண்டு வாரம் பொறுத்தார். மீட்டிங்கில் அந்தப் பேச்சு எழவில்லை, ஆனால் லிஃப்டில் குண்டு பாபுவின் முகம் சுவர்ப் பக்கமே இருந்தது. பிறகு, மன்னிப்புக் கேட்டாவது இதை முடித்துவிடுவது என்று பக்கத்து ஃபிளாட் மணியை அடித்தார். குண்டு பாபுவே கதவைத் திறந்தார். கோவிந்தராஜன் மனப்பாடம் செய்திருந்த வங்காளி வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் அவர் இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"இன்னா சார், சத்தமே காணோம்? அந்தக் குண்டு கடைசீல தூரமாப் போய் விழுந்துச்சா இல்லியா? எனக்குத் தூக்கமே வர்ல."

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றார் கோவிந்தராஜன்.

"பெரம்பூர்ல பன்னெண்டு வருசம் சார், ரயில் பெட்டி ஃபாக்டரில. அங்கே எனக்குப் பேரே பாம் பாபுதான். நீங்க திட்டறது ஷோக்கா இருக்கும். நானும் தாராவும் டெய்லி டீ குடிச்சிக்கினே கேப்போம்."

"அப்படின்னா… உங்களுக்குக் கோபம்?"

குண்டு பாபு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவமா இருக்கற மாதிரி மூஞ்சை வெச்சிக்கச் சொல்லி உங்க வூட்டம்மா டெய்லி மோர்க்குழம்பு அனுப்பறாங்க சார். நான் சிரிச்சிப் பேசினேன்னு சொல்லிடாதீங்க, இன்னைக்குப் பாயசம்."