தாத்தா கோட்டு விஷயமாக

பாசத்திலும் கோபத்திலும் யாருக்கும் சளைக்காத என் அக்காவின் சமூகத்துக்கு, நீ பேசாவிட்டாலும் தம்பி என்ற பதவியிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். அங்கே அத்தானும் அவருடைய மூட்டுவலியும் எப்படி? நிற்க.

அப்பா போன பிறகு வீட்டை ஒழித்தோமே, அன்றைக்கு, "தாத்தா கப்பல்ல வந்தப்ப போட்டிருந்த கோட்டு எங்கடா? பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பழைய துணிக்காரன்கிட்ட போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான் நீ. அதோடு என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போன் பண்ணினால் அத்தான்தான் எடுக்கிறார், "உங்க அக்கா குளிச்சிட்டிருக்கா" என்கிறார். வருஷக்கணக்கில் ஒருத்தி குளித்துக்கொண்டே இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அந்தக் கோட்டை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவில் பார்த்ததோடு சரி. தலையில் அடித்துச் சொன்னேன், நீ நம்பவில்லை. இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவைத் தாண்டினால் ஒரு பெரிய நூலகம். ஆசிய நாடுகளிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் வரலாற்றைச் சேகரிக்கிறோம், பழைய போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் காலையில் வேறென்ன வேலை? தாத்தாவைச் சுவரிலிருந்து இறக்கி, துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலிலேயே பையை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலும் போயிற்று. சட்டைப் பையிலிருந்த பேனாவைக்கூட விடவில்லை, உள்ளே பென்சில்தானாம், மை சிந்தினால் சரித்திரம் பாழாகிவிடுமாம். ஆபரேஷனுக்குப் படுத்தபோதுகூட என்னிடம் இவ்வளவு உருவவில்லை அக்கா. உள்ளே போனால், தாத்தா போட்டோவுக்கு மெத்தென்று ஒரு தலையணை, இடுப்புவலிக்காரன் எனக்கு மர நாற்காலி. உயிரோடு இருந்தபோது அவருக்கு இப்படி ஒரு மரியாதை நடந்திருக்குமா, நீயே சொல்லு.

அங்கே ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மாள் இருக்கிறார். கண்ணைவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுப்பதே இல்லை, அதனால் நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி அம்மாள். "எங்க தாத்தா மேடம், கப்பல்லேர்ந்து இறங்கறப்பவே கோட்டும் சூட்டுமா இறங்கினவர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "அடடே, இந்தக் கோட்டா! இது எனக்கு நல்லா பழக்கமாச்சே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே பெட்டிகள் வர ஆரம்பித்தன. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் இருக்கலாம் என்பது அங்கே சட்டம், ஒன்று வரும், பார்ப்போம், அது உள்ளே போனால்தான் அடுத்தது வரும். முதல் பெட்டியில் ஒரு சீனக்காரர், நம் தாத்தாவின் கோட்டில். அடுத்த பெட்டியில் தீவுக்காரர் ஒருவர், நல்ல ஆகிருதி, அவர் கோட்டைப் போட்டிருந்தார் என்று சொல்ல முடியாது, கோட்டுதான் அவரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அதற்கடுத்து ஒரு ஒல்லிப்பிச்சான், விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. எல்லாவற்றிலும், தாத்தா போட்டோவில் இருப்பதுபோலவே, இரண்டாவது பொத்தான் இல்லை, இடப்பக்கப் பையில் அதே ஒட்டு.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூடியோ இருந்துச்சு சார். வந்து இறங்கினவங்க, நாங்க நல்லா இருக்கோம்னு ஊருக்குக் காட்டறதுக்கு அங்க போட்டோ பிடிச்சு ஒண்ணை அனுப்பிட்டு ஒண்ணைத் தாங்க வெச்சுப்பாங்க. கோட்டு ஸ்டூடியோவுது. எடுத்து முடிச்சதும் கழட்டிக் குடுத்துடணும்" என்றார் அம்மாள். பிறகு நம் போட்டோவைச் சட்டத்திலிருந்து பதமாகப் பிரித்து, அடிப்பகுதியை மறைத்திருந்த அட்டையை எடுத்தார். கோட்டுக்குக் கீழே தாத்தாவின் கால் தெரிந்தது. வெறுங்கால் அக்கா. செருப்புகூட இல்லை.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் ஒரு தொப்பிக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்து, "யோவ், அது எங்க தாத்தா கோட்டு!" என்றார். இப்போதுதானே ஸ்டூடியோவுடையது என்று கேட்டோம், சும்மா இருந்திருக்கலாம். எங்கே முடிந்தது? "உங்க தாத்தாவா? எங்க தாத்தாதுங்க!" என்று நானும் எழுந்துவிட்டேன். சரித்திரம் தூங்குகிற அறையில் இரண்டு கிழங்கள் மல்லுக்கு நிற்கிறோம், அம்மாள் பூதக்கண்ணாடியை ஆட்டி ஆட்டி உட்காரச் சொல்கிறார். அப்புறம் வெளியே டீ குடிக்கும்போது தொப்பிக்காரர் சொன்னார், இதே கோட்டுக்காக அவரும் அவர் தம்பியும் பேசிக்கொள்வதே இல்லையாம். இல்லாத ஒரு கோட்டு எத்தனை குடும்பத்தில் புகுந்து விளையாடியிருக்கிறது பார்.

ஆகவே அக்கா, கோட்டு நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. வராததை நான் எப்படித் தொலைப்பேன், என் பெண்டாட்டி எப்படித் துணிக்காரனிடம் போடுவாள்? வேண்டுமானால் நேரில் வா, உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு பெட்டியாகக் காட்டுகிறேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், "தப்பா நினைச்சுட்டேன்டா" என்று ஒரு வார்த்தை போதும். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் பேச்சுக்காகக் காத்திருக்கும் என் காதுகளின் சார்பில் உனக்கு ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
குற்றமற்றவன் என்று நிரூபிக்கப்பட்ட தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் தம்பி பெண்டாட்டி இதை வாங்கிப் படித்தாள். சபாஷ் கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். "உங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள். "சின்னதுல காய்ச்சல் வந்தப்ப தாத்தா அந்தக் கோட்டைப் போர்த்தித் தூங்க வெச்சார்னு அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க! தாத்தா ஞாபகம்னு அவங்ககிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கப் போறீங்களா?" பழி சுமந்தவளே அவள்தான் அக்கா, அவள் இப்படிச் சொல்கிறாள். காலையெல்லாம் உட்கார்ந்து எழுதியதைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. அதனால் மேலே உள்ளதைப் படிக்காதே. படித்துவிட்டிருந்தால் நம்பாதே. நூலகத்தில் இருப்பது வேறு கோட்டு. தாத்தாவின் கோட்டு நம் வீட்டில்தான் இருந்தது. அதைத் தொலைத்தவன் நான், நான் மட்டும்தான். திட்டுவதற்காவது நேரில் வா.