ரௌனோவின் சுத்தமான தோட்டா

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு புருஷன் இருந்தானாம், அவன் வீட்டுக்கு அவனே ராஜாவாம் என்று யாராவது கதை ஆரம்பித்தால் நம்பாதீர்கள். ஊர் உண்டு. புருஷனும் உண்டு, எஸ்கோ என்கிற நான்தான் அது. ராஜா மட்டும் கிடையாது. ராணி உண்டு. ஹில்க்கா என்று பெயர்.

எங்கள் பின்லாந்தில் ஊருக்கு ஓர் ஏரி, வீட்டுக்கு ஒரு சவுனா. சனிக்கிழமை வந்தால் அடுப்பில் கல்லைக் காயவைத்து, அதன்மேல் தண்ணீரை வீசி, கிளம்புகிற ஆவியில் உட்கார்ந்து ஒரு வாரத்துப் பாவத்தையும் வியர்த்துத் தள்ளிவிடுவோம். எங்கள் துப்பாக்கிச் சங்கம் கூடுவதும் சனிக்கிழமைதான். இரண்டும் ஒரே கிழமையில் வந்து விழுந்தது என் ஜாதகக் கோளாறு.

என் துப்பாக்கிக்கு என் தாத்தா வயது. ராணுவம் 'போதும்' என்று கழித்துக் கட்டியதை நான் 'போதாது' என்று வாங்கினேன். அதற்குப் போடுகிற தோட்டாவும் ராணுவம் கழித்ததுதான். தகரப் பெட்டியோடு உருளைக்கிழங்கு விலைக்குக் கிடைக்கும். ஒரே ஒரு குறை. சுட்டால் குழலுக்குள் உப்புப் படியும். அன்றைக்கே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் மறுநாள் குழல் முழுக்கத் துரு. அவ்வளவு வெந்நீர் எங்கே இருக்கிறது? சவுனா அண்டாவில்.

அப்படி ஒரு சனிக்கிழமை நான் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஹில்க்கா டவலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்டாவை எட்டிப் பார்த்தாள். அண்டா அவளை வெறுமையாகப் பார்த்தது.

"எஸ்கோ, வெந்நீர் எங்க?"

"இதுக்குள்ள போயிருச்சு." குழலைக் காட்டினேன்.

"நான் எங்க போறது?"

"கொஞ்சம் பொறு, மறுபடி காய வைக்கறேன்."

"உட்கார்ற பலகையெல்லாம் கரி. மூச்சு விட்டா தீபாவளி மறுநாள் மாதிரி நாறுது. இது குளிக்கிற இடமா, போர்க்களமா?"

தீபாவளி எங்கள் ஊரில் கிடையாது. அவள் சொன்னது புத்தாண்டு வாணவேடிக்கை. நாற்றம் ஒன்றுதான் என்பதால் நான் உங்களுக்காக மாற்றிக்கொண்டேன்.

"சமையல்கட்டுல வேணா கழுவிக்கட்டுமா?"

"கழுவு. அப்புறம் நான் உன்னைக் கழுவறேன்."

டவலை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மேல்கோட்டை மாட்டினாள். ஆவியில் உட்கார்ந்து முதுகில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மரத் தழைக்கட்டை எடுத்து அக்குளில் சொருகினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"ரௌனோ வீட்டுச் சவுனாவுக்கு. அவருக்குத் துப்பாக்கி கழுவற வேலையே இல்ல. அவர் தோட்டா சுத்தம். உப்பே படியாதாம்."

எனக்கு அடிவயிற்றில் ஒரு கல் காய ஆரம்பித்தது. அதன்மேல் யாரோ தண்ணீரையும் வீசினார்கள்.

ரௌனோ எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். மனைவியை இழந்தவன். ஓய்வு பெற்ற மரவெட்டி. ஐம்பத்தெட்டு வயதிலும் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மீசை! இரண்டு பக்கமும் அணில் வால் மாதிரி ஒரு மீசை. எனக்கு இருபத்தாறு வயதாகிறது. மேலுதட்டில் இதுவரை நான்கு முடிதான் எட்டிப் பார்த்திருக்கிறது. அவையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

"நீ உள்ள குளிக்கிறப்ப அவன் எங்க இருப்பான்?"

"வெளியில."

"இந்தப் பனியிலயா? ஒரு மணி நேரம் வெளியில நிக்கிறவன் மனுஷனா, பனிமனுஷனா?"

"நாகரிகமான மனுஷன்," என்றாள். போய்விட்டாள்.

திரும்பி வரும்போது கன்னம் இரண்டும் காட்டுப் பழம் மாதிரி சிவந்திருந்தன. வாய்க்குள் பாட்டு. வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

"என்ன பாட்டு?"

"சும்மா வருது."

"வாயில என்ன வாசம்?"

"ஏலக்காய் பன். காபியோட."

ஏலக்காய் பன்னும் உண்டாம்! அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. கண்ணை மூடினால் மீசை வந்தது. மீசையில் பன் துணுக்கு ஒட்டியிருந்தது. விடியும்போது ஒரு சபதம் செய்தேன். மலிவாகவும் இருக்க வேண்டும், உப்பும் படியக் கூடாது. அப்படி ஒரு தோட்டாவை இந்த நாட்டில் எங்கிருந்தாவது தேடிப் பிடித்து, என் மனைவியை என் சவுனாவுக்கே மீட்டுக்கொண்டு வருவேன்!

முதலில் டவுன் கடைக்குப் போனேன். புதுத் தோட்டா, கண்ணாடி மாதிரி சுத்தம். விலையைக் கேட்டேன். கடைக்காரர் சொன்னார். ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு நாள் மதியச் சாப்பாடு காலி.

"ஹில்க்கா, சுத்தமான தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கட்டுமா?"

"வீட்டுச் செலவுல மிச்சமே இல்ல எஸ்கோ. எங்க போகுதுன்னே தெரியல."

சரி, பழைய சரக்கிலேயே சுத்தமானது இருக்கும் என்று தேடினேன். பச்சைத்தாள் சுற்றிய ஒன்று கிடைத்தது. விற்றவர் பைபிள்மேல் கை வைக்காத குறையாக, "அழுக்கே கிடையாது" என்றார். விற்கிறவன் வார்த்தையை எங்கள் சங்கத்தில் யாரும் நம்புவதில்லை. நாங்கள் நம்புவது ஆணியை. பளபளவென்று ஒரு புது ஆணியை எடுத்து, தோட்டாவின் அடியில் இருக்கிற பொறியை மட்டும் கொல்லையில் வெடித்து, அந்தப் புகையை ஆணியில் படவிட வேண்டும். பிறகு ஈரமான இடத்தில் இரவு முழுக்கக் கிடக்கட்டும். காலையில் ஆணி பளபளத்தால் தோட்டா சுத்தம். சிவந்தால் அழுக்கு. ஆணி பொய் சொல்லாது.

சவுனா ஜன்னல் கட்டையில் வைத்தேன். காலையில் பார்த்தேன். ஆணி ரௌனோ வீட்டுக்குப் போய்வந்த ஹில்க்கா மாதிரி சிவந்திருந்தது.

"ஐயோ பாவம், துருவா?" என்றாள் ஹில்க்கா. "அப்ப நான் டவலை எடுத்துக்கறேன்."

அடுத்தது மெழுகு பூசிய தோட்டா. மூன்று ஊர் தாண்டிப் போய் வாங்கி வந்தேன். துரு. அதற்கடுத்தது மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் படுத்திருந்தது. துரு. சங்கத்தில் போய்ச் சொன்னால் எல்லோருக்கும் இதே கதி. தலைவர் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார். இந்த ஜில்லாவில் துருப்பிடிக்காத ஆண்மகன் ரௌனோ ஒருத்தன்தான் என்று ஆகிவிட்டது. ஹில்க்காவோ வாரா வாரம் பாடிக்கொண்டே போனாள், பாடிக்கொண்டே வந்தாள். போன வாரம் போகும்போதே தலையில் ரிப்பன் கட்டியிருந்தாள். குளிக்கப் போகிறவளுக்கு எதற்கு ரிப்பன்?

கடைசியாக ஒரு தோட்டா வாங்கினேன். வெள்ளிக்கிழமை. ஆணியைத் துடைத்து ஜன்னல் கட்டையில் தயாராக வைத்தேன். தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துப்பாக்கியை எடுக்கக் கிளம்பினேன். அதற்குள் ஹில்க்கா காபிக்குக் கூப்பிட்டாள். குடித்தேன். அப்படியே மறந்துபோய்ப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் ஆணி செக்கச்செவேல்!

"இதுவும் அழுக்குத் தோட்டாதானா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, சட்டைப் பையில் கையை விட்டேன். தோட்டா அங்கேயே இருந்தது. வெடிக்கவே இல்லை. புகையே படாத ஆணி. அதற்கு எப்படித் துரு வரும்?

ஆணியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கூடவே மீன். கூடவே சதகுப்பை இலை வாசம். எங்கள் வீட்டுச் சமையல்கட்டில், உப்பில் ஊறுகிற மீன் ஜாடி ஒன்று இருக்கிறது. அதில் சதகுப்பை போடுகிற கை ஒன்றே ஒன்றுதான்.

எல்லாம் விளங்கிவிட்டது. என் ஆணிக்கு இவளே உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். என் தோட்டா சுத்தம் என்று தெரிந்துவிட்டால் இவள் நம் சவுனாவிலேயே குளிக்க வேண்டியிருக்குமே! மீசையை விட மனம் வரவில்லை!

ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சங்கத்துக்குப் போனேன். சுட்டதெல்லாம் ஆகாயத்துக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்தேன், சவுனாவைக் காயவைத்தேன். ஹில்க்கா ரிப்பன் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற மாதம். பனியில் கால் புதையப் புதைய அவள் பின்னாலேயே போனேன். அவள் ரௌனோ வீட்டுச் சவுனாவுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். நான் மூலை திரும்பினேன்.

ரௌனோ விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். குல்லாய், கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி. தோளில் டவல்.

"யோவ் ரௌனோ! என் பொண்டாட்டி எங்கே?"

"உள்ளே."

"நீ?"

"வெளியே. தெரியலையா தம்பி? மீசையில பனி தொங்குது பாரு."

தொங்கியது. மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

"உள்ளே வேற யாரு?"

"எல்லாரும்."

கேட்டு முடிப்பதற்குள் சவுனாவே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்புச் சத்தம். ஆறேழு பெண்குரல். சங்கத் தலைவரின் மனைவி குரல் தனியாகக் கேட்டது. "எங்க வீட்டுக்காரரு ஆணியைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருடி! எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடலாம்னு பார்க்கறேன்."

அடுத்தது ஹில்க்கா குரல். "உப்பு எதுக்கு? மீன் ஜாடித் தண்ணிய ஊத்து. விடியறதுக்குள்ள பிடிச்சுரும்."

நான் விறகு அடுக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"வாராவாரம் இதே கூத்துதான்," என்றான் ரௌனோ. "பன் சுட்டு எடுத்துட்டு வர்றாங்க. பாடறாங்க. உங்களைப் பத்திப் பேசிப் பேசிச் சிரிக்கறாங்க. நான் குளிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"அது கிடக்கட்டும். உனக்குச் சுத்தமான தோட்டா எப்படிக் கட்டுப்படியாகுது? பென்ஷன்காரன்தானே நீ?"

"நான் எங்க வாங்கறேன்? இவங்கதான் வாங்கித் தர்றாங்க. மாசம் ஒருத்தர். நான் சவுனாவுக்குள்ள துப்பாக்கியைக் கொண்டுவரக் கூடாதுன்னு ஒரே நிபந்தனை." குல்லாயைச் சரிசெய்துகொண்டான். "இந்த மாசம் உங்க வீட்டு முறை. நல்ல தோட்டா தம்பி. குழல்ல ஒரு பொட்டு அழுக்கு இல்ல."

ஆக, இத்தனை நாள் ராத்திரி தூங்காமல் நான் பொறாமைப்பட்டது ஒரு மீசையைப் பார்த்து. எனக்குப் போட்டி மீசையே இல்லை. நான் இல்லாத ஓர் அறை. அந்த அறைக்கு வாடகையும் என் வீட்டிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது.

ஜன்னல் திறந்தது. ஆவி புஸ்ஸென்று கிளம்பி அதன் நடுவில் ஹில்க்காவின் முகம் தெரிந்தது.

"யாரு, எஸ்கோவா? நல்ல நேரத்துல வந்தே. அடுப்பு தணிஞ்சு போச்சு. ரெண்டு கட்டை பிளந்து போடு."

"ஹில்க்கா! எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு!"

"எல்லாமுமா?"

"எல்லாமும்!"

"அப்பாடா! இனிமே ஒளிச்சு ஒளிச்சு வாங்க வேண்டியதில்ல. திங்கக்கிழமை டவுனுக்குப் போறப்ப அவருக்கு ஒரு பெட்டி நீயே வாங்கிட்டு வந்துரு."

ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே மறுபடியும் சிரிப்பு.

ரௌனோ எழுந்தான். கோடாலியை என் கையில் கொடுத்தான்.

"உன் சவுனா காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"துப்பாக்கி கழுவிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அண்டாவுல வெந்நீர் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, மீசையில் தொங்கிய பனியைத் தட்டிக்கொண்டு, விசிலடித்தபடியே என் வீட்டைப் பார்த்து நடந்து போனான்.