காருக்கு அடியில் இரண்டு கால்கள்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால் அசிங்கப்பட்டதும் குறைவு. ஒரே ஒரு நாள் வாய்விட்டுப் பேசினேன். பட்டேன்.

நாமக்கல்லில் முப்பத்தைந்து வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவன். மகளைப் பார்க்க மனைவியோடு அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சர் போனேன். மூன்று வாரம் சோபாவில் உட்கார்ந்தே இடுப்பு துருப்பிடித்துவிட்டது. தனியாக நடந்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் கேட்டேன்.

“சரிங்ப்பா. ஒரே ரவுண்டு. எதையும் தொடக்கூடாது. யாருகிட்டயும் பேச்சு கூடாது. ஏதாச்சும் ஆச்சு, நாளையிலிருந்து வாக்கிங் கட்!”

கிளம்பினேன். எல்லா வீடும் ஒரே அச்சு. ரோட்டில் ஆளே இல்லை. ஒரு நாய் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனது. (நான் என்னுடையதை மறந்துவிட்டேன்.) வாசலுக்கு வாசல் பூசணிக்காய். ஒன்றைக்கூட யாரும் உடைக்கவில்லை. ஒரு வீட்டுப் புல்தரையில் நாலு கல்லறை. செத்த பிறகும் பெரியவர்களை வீட்டோடு வைத்திருக்கிறார்களே, நல்ல ஜனம் என்று செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

அடுத்த வீட்டில்தான் பார்த்தேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜீன்ஸ், பூட்ஸ்.

நம்ம தொழில்! கண் கலங்கிவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

“ஏனுங் தம்பி, சைலன்சருங்களா?”

பதில் இல்லை. வண்டிக்கு அடியில் இருப்பவன் பதில் சொல்ல மாட்டான். வேலையில் கவனம். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

பேசினேன். கியர் பாக்ஸ் பேசினேன். பட்டறையை விற்ற அன்று சாப்பிடாமல் படுத்ததைப் பேசினேன். மாப்பிள்ளை போடும் காபியைப் பற்றிக்கூடப் பேசினேன். அரை மணி நேரம் அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும்போது, பட்டறை வழக்கப்படி பூட்ஸைத் தட்டினேன். அசையவில்லை. ஜாக்கி நழுவி ஆளை நசுக்கிவிட்டது! இரண்டு காலையும் பிடித்து ஒரே இழு. மல்லாக்க விழுந்தேன். ஆள் வந்தான், இடுப்பு வரைக்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அம்மா ஓடி வந்தாள். பின்னாலேயே, என்னைத் தேடிக்கொண்டு வந்த என் மகள். அதற்குள் ஜீன்ஸிலிருந்து பழைய நியூஸ் பேப்பர் சரியத் தொடங்கியிருந்தது.

“அப்பா! அது ஹாலோவீன் பேய்ப் பண்டிகைப் பொம்மைப்பா. பயமுறுத்த வச்சிருக்காங்க!”

“நீ சொன்ன மாதிரி யாருகிட்டயும் பேசலையே சாமி” என்றேன்.

வாக்கிங் கட்.

அதோடு விட்டார்களா? அந்த வீட்டு வாசல் கேமரா பேச்சோடு அத்தனையும் பிடித்திருந்தது. அந்த அம்மா அனுப்பிவைக்க, சாயங்காலம் டிவியில் போட்டுக் குடும்பமே பார்த்தது. காபி விஷயம் வந்தபோது மாப்பிள்ளை எழுந்து உள்ளே போனார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, நாப்பது வருஷமா எங்கிட்ட உப்பு பத்தலைன்னு மட்டுந்தானே பேசுனீங்க?”

இப்போது ஊரில் இருக்கிறோம். என்னிடம் ஏதாவது விஷயம் கறக்க வேண்டுமென்றால், கட்டிலில் படுத்துத் தலையோடு போர்த்திக்கொள்கிறாள். கால் இரண்டை மட்டும் வெளியே நீட்டி, “ம், சொல்லுங்க தம்பி” என்கிறாள்.

சொல்லிவிடுகிறேன்.