தேசியக் கையும் ஏழு எருமைகளும்

உலகத்தில் இருக்கும் மத்திய வங்கிகளில் எல்லாம் மேலானது எங்கள் நாட்டு மத்திய வங்கிதான். மற்ற நாட்டு வங்கிகள் பணத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. அது ஒரு வித்தையா? பணம் நாலு காலில் ஓடுமா, முட்டுமா, சேற்றில் புரளுமா? எங்கள் வங்கி எருமையையே கட்டுப்படுத்தியது.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், கண்ணுகளா. அரைத் தீவில் அடங்கிவிடுகிற நாடு. பெயரைச் சொன்னால், இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு ஏதோ ஒரு வழியில் உறவு என்பது தெரிந்துவிடும். அப்புறம் சாவு வீட்டில் அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

விடுதலை கிடைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொடி உண்டு, பாட்டு உண்டு, பாட்டு முடியும்வரை நெளியாமல் நிற்கிற மந்திரிகள்கூட இரண்டு பேர் உண்டு. பணம் மட்டும் இரவல். தாள் எல்லாம் கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நாட்டுத் தாள். எங்கள் வங்கி அடிப்பது சில்லறை மட்டும். அதில், எங்கள் தீவாகவே மாறியதாகச் சொல்கிற முதலைத் தாத்தாவின் படம் போட்டிருக்கும். தாள் அடிக்காத வங்கிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வங்கியே அதைத்தான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அங்கே காபி போடுகிறவள். ஒரு நாளைக்கு நாலு கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு சுற்று காபி. அந்தக் கேள்விக்கு எவ்வளவு காபி செலவானது என்பது எனக்குத்தான் தெரியும்.

விடையைக் கண்டுபிடித்தவர் வெளிநாட்டு ஆலோசகர். பாவம், நல்ல மனிதர். எங்கள் வெயிலில் அவர் மூக்கு மட்டும் எப்போதும் உரிந்துகொண்டிருக்கும். ஒரு திங்கட்கிழமை அவர் வங்கிச் சட்டத்தை விரித்துவைத்துப் படித்தார்: "மக்கள் எதைக் கொடுத்துத் தங்கள் கடனைத் தீர்க்கிறார்களோ, அதைக் கண்காணிக்கவும் ஒழுங்குபடுத்தவும் வங்கிக்கு அதிகாரம் உண்டு."

படித்துவிட்டுக் கண்காணிப்பு இயக்குநர் எத்தெல்வினோவைப் பார்த்தார்.

"இங்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன கொடுப்பாங்க?"

"எருமைங்க, ஐயா."

"நிலத் தகராறு தீர்ந்தா?"

"எருமை."

"சாவுக்கு?"

"அதுக்கும் எருமைதான். பெரிய மனுஷன் செத்தா ரெண்டு."

ஆலோசகர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்படின்னா இந்த நாட்டோட பணம் எருமை! அது இத்தனை வருஷமா மேற்பார்வை இல்லாம மேஞ்சுக்கிட்டிருக்கு!"

அறையில் யாரோ கைதட்டினார்கள். வங்கி ஆளுநர் செஃபெரினோவின் கண்கள் கலங்கியிருந்தன. வங்கிக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் எருமையின் மதிப்பு கொம்பில் இருக்கிறது. கையை நீட்டி, நடுவிரல் நுனியோடு கொம்பைச் சேர்த்துவைத்து அளப்போம். மணிக்கட்டு வரை வந்தால் சாதாரண எருமை. முழங்கை வரை வந்தால் கல்யாண எருமை. தோளைத் தொட்டால் அது ராஜா வீட்டு எருமை.

"யாரோட கை?" என்று கேட்டார் ஆலோசகர்.

எங்கள் முன்னோர் யாரும் கேட்காத கேள்வி. இரண்டு வீட்டாரும் அவரவர் கையால் அளப்பார்கள், கத்துவார்கள், பனஞ்சாராயம் குடிப்பார்கள், சாயங்காலத்துக்குள் ஒத்துப்போவார்கள். இதை எத்தெல்வினோ விளக்கினார். ஆலோசகர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். ஒரு தேசத்தின் மதிப்பு முழுவதும் சாராயத்தை நம்பியா நிற்பது?

ஐந்து பேர் குழு அமைந்தது. பதினோரு அமர்வுகளுக்குப் பிறகு குழு ஒரு மனதாகப் பரிந்துரைத்தது: நாட்டுக்கு ஒரே கை வேண்டும், பதவி வரிசைப்படி அது ஆளுநரின் கையாக இருக்க வேண்டும். ஆளுநரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வலது கைக்கு மாவு அச்சு எடுத்தார்கள்.

"எங்க ஐயா முறிஞ்சுது?" என்று நர்ஸ் கேட்டாளாம்.

"முறியலம்மா. தரப்படுத்துறோம்."

அந்தக் கை வெல்வெட் விரித்த பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. 'தேசியக் கை' என்று பெயர் சூட்டினார்கள். ஆளுநர் எல்லாவற்றிலும் சிக்கனமானவர், உயரத்திலும் கூட. பன்னிரண்டு வயதுப் பையனின் சட்டை அவருக்குக் கச்சிதமாக இருக்கும். இதை யாரும் அமர்வில் எழுப்பவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு முதல் சுற்றறிக்கை வந்தது. முழங்கை வரையிலான எருமைகள் தாராளமாக நடமாடலாம். அதற்கு மேற்பட்டவை 'பெருமதிப்பு எருமைகள்'. அவை கைமாற வங்கியின் முன் அனுமதி வேண்டும். அனுமதிக்கு இருபத்தொரு வேலை நாட்கள். அதுவரை அவை வங்கியின் 'இருப்பில்' வைக்கப்படும்.

இங்கேதான் என் தங்கை ஒலந்தினா கதைக்குள் வருகிறாள். அவள் மகள் ஜுவித்தாவுக்கும் மலை ஊர்ப் பையன் லினோவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பேச்சு: முழங்கை எருமை ஏழு. கல்யாணம் முடிந்த மறுநாளே லினோ கொரியாவுக்கு விமானம் ஏறுகிறான், மூன்று வருஷ மீன்பிடி வேலை. எருமை வராமல் எங்கள் வீட்டில் பெண் படியிறங்க மாட்டாள். இந்தத் தேதி தவறினால் மூன்று வருஷம். கொரியாவில் மூன்று வருஷம் இருந்த பையன் எந்த முகத்தோடு திரும்புவான் என்று யார் கண்டார்கள்?

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, லினோவின் பெரியப்பா அப்ராவோ ஏழு எருமைகளை ஓட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினார். ஆற்றுப் பாலத்தில் மேசை போட்டு எத்தெல்வினோ உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

அப்ராவோ எட்டிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "யாரு கை தம்பி?"

"ஆளுநர் கை."

"ஐயோ பாவம்! எப்பச் செத்தாரு?"

"சாகல, பெரியவரே! இது தேசியக் கை. இனிமே எல்லா எருமையையும் இதாலதான் அளக்கணும்."

அளந்தார்கள். முதல் எருமை, தோள். இரண்டாவது, தோள். மூன்றாவது எருமையின் கொம்பு தோளையும் தாண்டி, ஆளுநருக்குக் காது இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது.

"தம்பி, என் கையில இது முழங்கைதான். பாரு."

"உங்க கை அரசிதழ்ல வரல, பெரியவரே."

"இதோ, கடைசியில நிக்கிறது சின்னது. போன மழைக்குத்தான் கொம்பே தெரிஞ்சுது."

எத்தெல்வினோ அளந்தார். "தோள்!"

ஆக, அந்த ஒரு காலையில் எங்கள் மலை மக்கள் எல்லோரும் ராஜாக்கள் ஆனார்கள். வேறு எந்த நாட்டு வங்கி தன் மக்களை ஒரே நாளில் இப்படி உயர்த்தியிருக்கிறது? அப்ராவோ ஏழு எருமைகளைக் கொடுத்துவிட்டு ஒரு ரசீதோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒலந்தினா ரசீதை வாங்கித் தன் கையில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மணிக்கட்டுக்குக்கூட வரலையே, அண்ணே."

ஜுவித்தா என் தோளில் சாய்ந்துகொண்டாள். "பெரியம்மா, நீ அங்கதான வேலை பாக்குற? ஒரு வார்த்தை சொல்லேன்."

மறுநாள் சொன்னேன். வங்கிக் கொடிக்கம்பத்தடியில் ஏழும் கட்டிக்கிடந்தன. புல்தரை முடிந்து பூச்செடிக்கு வந்திருந்தன. ஆலோசகர் ஜன்னலில் நின்று அவற்றைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். எத்தெல்வினோவுக்குக் காபியை வைத்துவிட்டு, "தம்பி, அது எங்க ஜுவித்தாவுக்கு வந்த எருமைங்க," என்றேன்.

"அத்தை, அது இப்ப எருமை இல்ல," என்றார் அவர் அன்பாக. "இருப்பு."

"சாணி போடுதேப்பா."

"அது வட்டி."

நான் என்ன கண்டேன்? படித்தவர்கள் சொல்கிறார்கள். காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் வங்கியின் ஆண்டு விழா. முந்நூறு விருந்தினர், மூன்று தூதர்கள். விருந்துக் கறிக்கான ஒதுக்கீடு நிதி அமைச்சில் மாட்டிக்கொண்டிருந்தது. அவசரக் கூட்டம் கூடியது. நானும் அறையில் இருந்தேன், காபித் தட்டோடு.

"வங்கியோட மானம் போயிடும்," என்றார் ஆளுநர்.

"நெருக்கடி நேரத்துல இருப்பைப் பயன்படுத்தலாம்னு உலகம் முழுக்க நடைமுறை இருக்கு," என்றார் ஆலோசகர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எந்த இருப்பு என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

"எவ்வளவு எடுக்கலாம்?"

"ஒண்ணு போதும்," என்றார் எத்தெல்வினோ.

ஒன்றில் தொடங்கியது. சின்ன நாடு, கண்ணுகளா. அழைக்கப்பட்டவர்கள் முந்நூறு, உறவுக்காரர்கள் மீதி. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு ஓலையில் கட்டிக் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் பந்தி முடிந்தபோது கொடிக்கம்பத்தடியில் கயிறுகள்தான் இருந்தன. பொய் சொல்ல மாட்டேன், நானும் இரண்டு துண்டு தின்றேன். புளியும் மிளகாயும் போட்டு நன்றாகவே செய்திருந்தார்கள். தொண்டையில் இறங்கும்போதுதான் ஜுவித்தாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலை அப்ராவோ வங்கிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தோளில் நெசவுத் துண்டு, வாயில் வெற்றிலை, கையில் ரசீது. ஆளுநர் அறைக்கே போய் எதிரில் உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்றேன்.

"எருமை எங்க, ஐயா?"

"அது வந்து... பயன்படுத்தப்பட்டது."

"தின்னீங்களா?"

ஆளுநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கூரையைப் பார்த்தார்.

"தின்னோம்," என்றார் ஆளுநர்.

அப்ராவோ எழுந்து, குனிந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம், சம்பந்தி."

ஆளுநரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆலோசகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தெல்வினோதான் மெல்லச் சொன்னார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு எருமையை எந்த வீடு தின்கிறதோ, அதுதான் பெண் வீடு. தின்ற வீடு பதிலுக்கு எருமைக்கு ஒன்றாகப் பன்றி கொடுக்க வேண்டும், துணி கொடுக்க வேண்டும், அரிசி கொடுக்க வேண்டும், பெண்ணைக் கையைப் பிடித்து அனுப்ப வேண்டும். அந்தப் பெண்ணின் பிள்ளை பிறப்பிலும் சாவிலும் தாய்மாமனாக வந்து நிற்க வேண்டும். தின்றுவிட்டுக் கொடுக்காத வீட்டை முன்னோர்கள் சும்மா விட மாட்டார்கள்.

"இது சட்டத்துல எங்க இருக்கு?" என்றார் ஆலோசகர்.

அதற்குள் மேசையில் போன் அடித்தது. ஆளுநரின் அம்மா. அவர் பேசியது கதவு வரைக்கும் கேட்டது.

"ஏன்டா செஃபெரினோ, ஊரான் பொண்ணுக்கு வந்த எருமையைத் தின்னியாமே! பன்னி அனுப்பாம வீட்டு வாசல்ல காலை வச்சே, அவ்வளவுதான்!"

"அம்மா, நான் ஆளுநர்..."

"ஆளுநரோ எவனோ! உங்க அப்பன் கல்லறையில நெளியிறாரு!"

ஆளுநர் போனை வைத்தார். "ஏழு பன்றி," என்றார். "எப்படியாவது."

எங்கள் வீட்டில் அன்று கொண்டாட்டம்தான். எருமை எங்களுக்கு வரவில்லை, உண்மை. ஆனாலும் கல்யாணம் நிற்காது. பன்றிச் சீரும் எங்கள் தலையில் இல்லை, வங்கி தலையில். ஒலந்தினா மூன்று வருஷமாகச் சீருக்கென்றே ஒரு பன்றியை வளர்த்துவந்தாள். "இனி இது எதுக்கு? சந்தையில வித்து ஜுவித்தாவுக்குச் செருப்பும் முக்காடும் வாங்கிடறேன், அக்கா," என்று மறுநாளே அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குக் கிளம்பினாள்.

வங்கியில் பன்றி வாங்க ஒதுக்கீடு இல்லை. அதிகாரம் மட்டும் இருந்தது. அன்று காலையே இரண்டாவது சுற்றறிக்கை கையெழுத்தாகியிருந்தது: எருமையைப் போலப் பன்றியும் பணமே.

"பன்னிக்குக் கொம்பு இல்லையே தம்பி, எதை அளப்பீங்க?" என்று பாலத்தில் கேட்டிருக்கிறாள் ஒலந்தினா.

"வால் இருக்குல்ல," என்றாராம் எத்தெல்வினோ.

தேசியக் கையின் சுண்டு விரலோடு வைத்து அளந்ததில் அதுவும் பெருமதிப்பு. அவளுக்குப் பின்னால் வந்த ஆறு பெண்களின் பன்றிகளும் அப்படியே. ஒவ்வொருத்திக்கும் ஒரு ரசீது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஜுவித்தா பழைய செருப்போடு அழகாகத்தான் இருந்தாள். லினோ அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கொரியா வரைக்கும் தாங்கும். வாத்தியம் முழங்க, வங்கியின் லாரி வந்து நின்றது. தோளில் புத்தம் புது நெசவுத் துண்டு போட்டுக்கொண்டு ஆளுநர் செஃபெரினோ தாய்மாமனாக இறங்கினார். பின்னால் ஏழு பன்றிகள், கழுத்தில் நாடா, முதுகில் வங்கி முத்திரை. அப்ராவோ வீட்டார் எண்ணிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஆலோசகர் படம் எடுத்தார். ஆண்டறிக்கையின் அட்டைக்காம்.

ஒலந்தினா ஆளுநருக்கு வெற்றிலை கொடுக்க முன்னால் வந்து, "வாங்க, அண்ணே," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் மூன்றாவது பன்றி நாடாவை அறுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. பாலத்தில் பன்றியைப் பறிகொடுத்த ஆறு பெண்களும் கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் சீரைக் குறை சொன்னால் மணமக்களுக்கு ஆகாது.

ஆளுநர் கண்ணீர் மல்கப் பேசினார்: "இந்த இளம் தேசத்தின் மகளுக்கு மத்திய வங்கி தன் கையால் கொடுக்கும் சீர் இது!"

கைதட்டினோம். ஒலந்தினாவும் தட்டினாள், ஒரு கை பன்றியின் தலையில் இருந்ததால் மறு கையால் தொடையில். ஆகவே, கண்ணுகளா, எங்கள் மத்திய வங்கி மக்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களிடம் அது எதையெல்லாம் பிடுங்கியதோ, அதிலிருந்துதான் தாராளமாகக் கொடுக்கிறது. நன்றி சொல்லும் வேலையை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்திருக்கிறது.