உப்புக்கு ஒரு தலைவி

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருக்கும் என் தம்பி சன்னாசிக்கு, மம்பாவ் பக்கத்திலிருந்து உன் அக்காள் பஞ்சாலை ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நான் நலமில்லை, நீயாவது பிள்ளைகளோடு நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். உன் பெண்டாட்டியும் நலமாக இருக்கட்டும். என் மகள் கல்யாணத்தில் எனக்கு மட்டும் அடிப்பிடித்த பாயசத்தை ஊற்றியதை நான் மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்.

நிற்க. இந்த அவசரகாலத்தில் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு அரிசி போய்விடும் என்று வெள்ளைக்காரன் யார் வீட்டிலும் ஒரு பிடி அரிசி வைக்க விடுவதில்லை, தோட்டத்துக்கே ஒரே அடுப்படி, அங்கே பொங்குவதைத்தான் எல்லாரும் தின்ன வேண்டும், உங்கள் பக்கமும் அப்படித்தானே. இத்தனை நாள் நானும் இன்னும் சில பெண்களுமாக வடித்துப் போட்டோம், ஒருத்தரும் குறை சொன்னதில்லை, மாயாண்டியைத் தவிர, அவன் தாய்ப்பாலுக்கே குறை சொன்னவன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணி அர்ச்சுனன் சிரம்பானில் படித்தவன். அடுப்படியைப் பார்த்துவிட்டு, "என்னா பாட்டி, ஆளாளுக்கு எல்லா வேலையும் செய்றீங்க, ஒரு ஒழுங்கே இல்லையே" என்றான். உடனே அரிசி களைய ஒரு குழு, தண்ணீருக்கு ஒரு குழு, தீக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை. ஒரு தலை இன்னொரு தலையிடம் நேரே பேசக் கூடாது. கிராணியிடம் சொல்ல வேண்டும், அவன் போய் அடுத்தவரிடம் சொல்வான். உப்புக்குத் தலைவி யார் தெரியுமா, மயிலம்மாள். ஊரிலிருந்து கப்பலில் வரும்போது என் பாயில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாளே, அவளேதான். எனக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, அரிசி களைவதோடு சரி.

நேற்று உலை கொதித்தது. தீக்குத் தலைவனான மாயாண்டி, பக்கத்திலேயே நிற்கும் மயிலம்மாளிடம் உப்புப் போடச் சொல்லாமல் கிராணியைத் தேடிப் போனான். கிராணியோ போலீஸ் சோதனை நடக்கிறதென்று தோட்டத்துக் கேட்டில் நிற்கிறான். சோறு குழைகிறது. "அடியே, உப்பைப் போடுடி" என்றேன். "கிராணி சொல்லட்டும்லா. நீ அரிசிக்காரி, உப்பைப் பத்தி உனக்கென்னா பேச்சு" என்றாள். "அப்ப தீயையாவது வெளிய இழுங்கடா" என்றால், தீக்காரர்கள், "எங்க தலை இங்க இல்லையே அக்கா" என்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த சனம் தட்டை நீட்டினால் உப்பில்லாத பசை, சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம். வீட்டில் போய்ப் பொங்கலாம் என்றால் அரிசி ஏது? பிள்ளைகள் பசியோடு படுத்தன. அப்புறம் கிராணி வந்து விசாரித்தான். அரிசியில் கல் இல்லை, தண்ணீர் அளவு சரி, தீ அணையவில்லை, உப்பு டப்பாவில் உப்பு குறையவில்லை. "எல்லாரும் அவங்கவங்க வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனான்.

ஆகையால் தம்பி, இந்த அடுப்படியில் நான் இனி கால் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டம்விட்டுத் தோட்டம் போகப் பாஸ் வாங்கிக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போ. தினமும் உன் பெண்டாட்டி முகத்தில் விழிக்கவும் துணிந்துவிட்டேன்.

உன் குடும்பத்தை நம் குலசாமி காக்கட்டும். உன் மாமியாரைத் தவிர எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பஞ்சாலை

பி.கு.: நீ வர வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்த பிறகு கிராணி வந்தான். தலைகளுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய தலை வேண்டுமாம், "நீங்கதான் பாட்டி" என்றான். இனிமேல் எதுவானாலும் என்னைக் கேட்டுத்தான். படித்த பிள்ளை, யோசித்துத்தான் ஏற்பாடு செய்திருக்கிறான், நாம்தான் அவசரப்பட்டுப் பேசிவிடுகிறோம். இப்போது உலை கொதிக்கிறது, உப்புப் போடலாமா என்று மயிலம்மாள் வந்து நிற்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.