அறுநூறு கஜத்து ஆசாமி

அறுநூறு கஜத்து ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைய வேண்டாம். எந்த ஊரிலும், எந்த வீட்டிலும், சமையலறை மேசையில், ஆறிப்போன காபிக்குப் பக்கத்தில், ஒரு பொருளை வாங்காமல் அந்தப் பொருளைப் பற்றிப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் இந்த இனத்தின் கொழுத்த மாதிரிகள் விளைவது அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில்தான். புல்வெளி வானம்வரை போகிறது, நடுவே பார்வையைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் மனிதனுக்குத் தூரத்தைப் பற்றி யோசனை வராமல் வேறென்ன வரும்?

இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குக் காசு போய்விடுமே என்று பயம். இவருக்கு, வாங்கிவிட்டால் தேர்ந்தெடுக்கும் வேலை போய்விடுமே என்று பயம்.

லோவெல் ட்வேய்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்திரண்டு. கோதுமை நிலம் அவருடையது; எழுபது ஆடுகள் அவர் மனைவி டார்லீனுடையவை. ஆறு ஆட்டில் தொடங்கி, பதினைந்து வருடத்தில் அவள் ஒருத்தியாகப் பெருக்கிய மந்தை. போன வருடம் ஏப்ரலில், குட்டி போடும் பருவத்தில், பதினொரு குட்டிகளைக் கயோட்டிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. கயோட்டி என்றால் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது, இரண்டையும்விட வெட்கம் கெட்டது. பதினோராவது குட்டி போன அன்று டார்லீன் அதிகம் பேசவில்லை.

"இன்னொரு வருஷம் இப்படி ஆச்சுன்னா மந்தைய வித்துடுவேன், லோவெல். பொறக்கிறதும் காணாப் போறதுமா, என்னால பாக்க முடியாது."

"நான் இருக்கேன்ல, டார்லீன்" என்றார் லோவெல். "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. மேல இருக்கிற ஸ்கோப்புதான் கீழ விழுந்து உள்ள பனி பூத்த மாதிரி ஆயிடுச்சு. புதுசு ஒண்ணு மாட்டிட்டா முடிஞ்சுது கதை. அடுத்த ஏப்ரலுக்குள்ள பாத்துடலாம்."

இதைச் சொன்னது ஏப்ரல் கடைசியில். துப்பாக்கியின் முதுகில் மாட்டும் தொலைநோக்கிதான் ஸ்கோப். முப்பது மைல் வண்டி ஓட்டினால் டவுன். அங்கே கடை உண்டு, கடையில் ஸ்கோப் உண்டு. நீங்களும் நானும் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருப்போம். ஆனால் நம் இனத்தார் கடையில் தொடங்குவதில்லை. கொள்கையில் தொடங்குவார்கள். கயோட்டியை எத்தனை கஜத்தில் சுடுவது என்பது முதல் கேள்வி. லோவெல் முடிவு செய்தார்: அறுநூறு.

ஏன் அறுநூறு? கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு வீடியோவில் குப்புறப் படுத்துக்கொண்டு, அறுநூறு கஜத்துக்கு அப்பால் தொங்கிய இரும்புத் தட்டை டங்கென்று அடித்துக் காட்டினார். அவ்வளவுதான். அன்று முதல் லோவெலின் மனத்திலிருந்த கயோட்டிகள் எல்லாம் சரியாக அறுநூறு கஜத்தில், பக்கவாட்டில் திரும்பி, காற்றில்லாத நேரமாகப் பார்த்து, அவருக்காகக் காத்து நிற்கத் தொடங்கின.

இரண்டாவது கொள்கை, விலை முந்நூறு டாலரைத் தாண்டக் கூடாது. இங்கேதான் இந்த இனத்தின் புகழ்பெற்ற ஏறி இறங்கும் சடங்கு வருகிறது. முந்நூறுக்கு ஒன்று கிடைக்கும். ஆனால் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் இதைவிடத் தெளிவானது ஒன்று இருக்கும். அதற்கும் மேலே கொஞ்சம் போட்டால் அந்தி நேரத்திலும் தெரிகிற ஒன்று. இப்படியே படிப்படியாக ஏறி, ஜூலையில் லோவெல் ஆயிரத்துச் சில்லறைக்கு வந்து நின்று, கீழே பார்த்துத் தலைசுற்றி, ஒரே தாவில் நூற்றெண்பதுக்கு இறங்கி, "இந்த விலைக்கு இது மோசமில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினார். அறுவடை வரைக்கும் மூன்று முறை ஏறி இறங்கினார்.

அட்டவணை ஒன்று தயாரானது. குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே நாற்பத்தொரு ஸ்கோப். எத்தனை மடங்கு பெரிதாக்கும், எத்தனை எடை, விளிம்பில் மங்குமா, ஈரத்தைத் தாங்குமா, குறுக்குக் கோடுகள் எவ்வளவு மெல்லியவை, முகம் தெரியாத எத்தனை பேர் இணையத்தில் அதைத் திட்டியிருக்கிறார்கள். காலை உணவின்போது டார்லீன் முட்டைத் தட்டை வைக்க இடம் தேடுவாள்.

"இதுல எத வாங்கப் போற?"

"கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடறேன்."

"போன வாரமும் அந்த ஒண்ணே ஒண்ணத்தான் பாத்த."

"அது வேற ஒண்ணு."

டவுனில் துப்பாக்கிக் கடைக் கவுண்டரில் நிற்பவள் நோர்மா. எழுபது வயது, இரண்டு கணவர்களையும் நாலாயிரம் வாடிக்கையாளர்களையும் பார்த்தவள். லோவெல் உள்ளே வந்தாலே கண்ணாடிப் பெட்டியின் சாவியைத் தேடாமல் காபிக் கோப்பையைத் தேடுவாள். அவர் ஒரு ஸ்கோப்பைக் கேட்டு வாங்கி, வாசலில் நின்று, தெருக்கோடியில் இருந்த தானியக் கிடங்கை அரை மணி நேரம் பார்த்தார்.

"அந்தத் தகரத்து மேல ஒட்டியிருக்கிற நோட்டீஸு அப்படியே படிக்க முடியுது, நோர்மா."

"படிக்கவா வாங்குற? லைப்ரரி அடுத்த தெருவுல இருக்கு."

"அறுநூறு கஜத்துக்குச் சரிவருமான்னு பாக்கணும்ல."

"இதுவரைக்கும் நீ சுட்டதுல அதிகபட்ச தூரம் எவ்வளவுப்பா?"

லோவெல் ஸ்கோப்பை மெதுவாகக் கீழே இறக்கினார். "தொண்ணூறு" என்றார். பிறகு நியாயத்துக்காக, "அன்னிக்குக் காத்து அடிச்சுது" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த இனத்தில் ஓர் அதிசயம் கவனியுங்கள். பொருளை வாங்காமல் இருக்க இருக்க, அதைப் பற்றிய மதிப்பும் மரியாதையும் கூடிக்கொண்டே போகும். டிசம்பர் வாக்கில், ஊர்க் காபிக் கடையில் ஸ்கோப் என்று யாராவது வாயெடுத்தால் எல்லாத் தலைகளும் லோவெல் பக்கம் திரும்பின. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஹார்லன் ஒரு நாள் அவரிடம் யோசனை கேட்டு, ஒரு துண்டு கேக் சாப்பிடும் நேரத்தில் பதிலையும் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே கடைக்குப் போய் அவர் சொன்னதையே வாங்கி மாட்டி, கிறிஸ்துமஸுக்குள் நாலு கயோட்டி அடித்துவிட்டான்.

"நீ சொன்னதுதான் லோவெல், அருமையான சாமான்" என்றான்.

லோவெல் அவனை இரக்கத்தோடு பார்த்தார். அவன் எழுந்து போனதும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார்: "பாவம். விளிம்புல லேசா மங்கும். அவனுக்கு அது தெரியல."

பிப்ரவரியில் ஆடுகளின் வயிறு பெருத்தது. மார்ச்சில் இன்னும் பெருத்தது. ஆடுகள் அட்டவணை போடுவதில்லை; அவற்றுக்கு நாள் வந்தால் வந்ததுதான். டார்லீன் கொட்டகையில் வைக்கோல் பரப்பிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னாள்: "அடுத்த வாரம் தொடங்கிடும், லோவெல்."

அந்தக் குரல் அவரைச் சுட்டது. அவளுக்காக மட்டுமல்ல, மந்தை போய்விட்டால் இந்த வீடு எப்படி இருக்கும் என்பதையும் அவர் யோசித்துப் பார்த்திருந்தார். இந்த இனத்துக்கும் இதயம் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போய், இருபத்து நான்கு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்றை முந்நூறுக்கு ஒரு டாலர் குறைவாக வாங்கினார். நோர்மா காபியைக் கீழே வைத்தாள்.

"உடம்பு நல்லாத்தான இருக்கு?"

வாங்கியாகிவிட்டது. மாட்ட வேண்டாமா? மாட்டுவதற்கு ஐந்து நாள். நெடுக்கே ஒரு ரசமட்டம், குறுக்கே ஒரு ரசமட்டம் வைத்து, திருகாணியை எவ்வளவு முறுக்கலாம் என்று காட்டும் கருவியை இரவல் வாங்கி, காகிதக் குறியில் சுட்டுச் சுட்டுத் திருத்தி, நூறு கஜத்திலிருந்து அறுநூறு கஜம் வரை குண்டு எத்தனை அங்குலம் கீழே இறங்கும் என்று ஓர் அட்டையில் பொடி எழுத்தில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டினார். நூறுக்குக் குறைந்த தூரத்துக்கு அட்டையில் இடமில்லை. இதற்குள் முதல் குட்டிகள் பிறந்திருந்தன. அவற்றில் இரண்டு காணாமலும் போயிருந்தன.

ஆறாம் நாள் காலை லோவெல் மேய்ச்சல் வெளிக்கு மேலே இருந்த மேட்டில் போய் உட்கார்ந்தார். எதிர் முகடு எவ்வளவு தூரம் என்று அளந்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தார். ஸ்கோப்பின் வளையத்தைக் கடைசிவரை திருகி இருபத்து நான்கில் வைத்தார். எதிர் முகட்டில் ஆடும் புல்லின் பூவைக்கூட எண்ணலாம். பிறகு ஊதுகுழலை வாயில் வைத்து, அடிபட்ட முயல் அலறுவது போல ஊதினார். கயோட்டிக்கு அது சாப்பாட்டு மணி.

ஊதினார், பார்த்தார். ஊதினார், பார்த்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு கஜத்தில் உலகம் அப்பழுக்கில்லாமல் தெரிந்தது. அதில் கயோட்டி மட்டும் இல்லை.

ஏனென்றால், கயோட்டி பதினைந்து கஜத்தில் நின்றிருந்தது.

அதற்கு அறுநூறு கஜக் கொள்கை தெரியாது. அருகே இருந்த பள்ளத்தின் வழியாக ஏறி வந்து, முயல் எங்கே என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. லோவெல் ஓரக் கண்ணால் அதைக் கண்டார். மூச்சைப் பிடித்தார். அங்குலம் அங்குலமாகத் துப்பாக்கியைத் திருப்பினார். ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

மயிர்.

பழுப்பாக, கலங்கலாக, கண்ணாடி முழுக்க மயிர். முதுகா, வயிறா, எந்தப் பக்கத்து மயிர்? இடப்பக்கம் நகர்த்தினார். மயிர். வலப்பக்கம் நகர்த்தினார். மயிர். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். புல். வளையத்தைத் திருகிக் குறைக்கக் கை போனது, கை அசைந்தது, கண்ணாடி காலியானது. தலையை நிமிர்த்திச் சொந்தக் கண்ணால் பார்த்தபோது, வால் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகக்கூட இறங்கவில்லை.

அன்று மதியத்துக்குள் மூன்றாவது குட்டி போயிற்று.

டார்லீன் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். கையில் அயோடின் கறை.

"சுட்ட சத்தமே கேக்கலியே."

"கிட்ட வந்துடுச்சு."

"என்னது?"

"ரொம்பக் கிட்ட வந்துடுச்சு, டார்லீன். இந்த ஸ்கோப்புக்கு அது தூரமே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணுலேருந்து பதினெட்டு மடங்கு வரைக்கும் ஒண்ணு வருது. அத நான் அப்பவே சரியாப் பாத்திருக்கணும்" என்றார்.

டார்லீன் கத்தியிருந்தால் லோவெலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கையைக் கழுவினாள், துடைத்தாள், தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மந்தையை வாங்குகிற ஆளைத்தான் கூப்பிடுகிறாள் என்று லோவெல் நினைத்தார். அட்டவணையின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அவள் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நிமிடமும் அவர் எதையும் எதோடும் ஒப்பிடவில்லை.

மாலையில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கழுதை இறங்கியது. பக்கத்து வட்டாரத்தில் ஆடு வளர்ப்பை விட்டுவிட்ட ஒருவருடையது. ஆடுகளோடேயே இருந்து பழகியது. நாய் ஜாதியைக் கண்டால் ஆகாது. லோவெல் அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். இன்னொரு முறையும் நடந்தார்.

"எத்தன பாத்த?"

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா? எப்படித் தேர்ந்தெடுத்த?"

"இருந்தது ஒண்ணுதான்."

"இல்ல, லாமான்னு ஒட்டக ஜாதி ஒண்ணு இருக்கே, அது இன்னும் நல்லதுன்னு சொல்றாங்க. அப்புறம் அந்தப் பெரிய வெள்ளக் காவல் நாய்ங்க இருக்கு. எதுக்கும் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு..."

"லோவெல்."

"ம்?"

"அந்த வேலிக் கதவத் தொற."

திறந்தார். நாலாம் நாள் காலை அதே பள்ளத்திலிருந்து கயோட்டி ஏறி வந்தபோது, கழுதை அதன் தூரத்தை அளக்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு, தகரக் கொட்டகையே அதிரும்படி கத்திக்கொண்டு ஓடிப் போய், முன்னங்காலால் ஒன்று வைத்தது. பால் புட்டியும் கையுமாக நின்ற டார்லீன் அதை வெறும் கண்ணால் பார்த்தாள். அவள் சிரித்ததை லோவெல் சமையலறையிலிருந்தே கேட்டார். அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு ஒரு குட்டிகூடப் போகவில்லை. மே முடிவில், மந்தையை விற்பதற்குப் பதிலாக, பெண் குட்டிகளில் பத்தை அவள் வளர்ப்புக்கென்று நிறுத்திக்கொண்டாள்.

லோவெல் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள். இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஜூன் மாதம் காபிக் கடையில் யாரோ ஒருவர், "எங்க குட்டியும் ரெண்டு போச்சுப்பா" என்று சொல்லக் கேட்டதும், லோவெல் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸ்கோப்பெல்லாம் வேணாம். கழுதைதான் சரி. ஆனா அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. கழுதை வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாக்கணும்."

சுற்றியிருந்தவர்கள் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒருவர் பேனாவைக்கூட எடுத்தார்.

சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள்: இதைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால், இது எவ்வளவு நீளம் என்று கடைசிவரை தள்ளிப் பார்த்தீர்களா? இதைவிட நல்லது வேறு ஏதாவது இருக்குமோ என்று அடுத்த பக்கத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தீர்களா? அப்படியானால் வீட்டில் மாதக்கணக்காக எதையோ நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றும், உங்களை நம்பி ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றும் நான் ஊகிக்கிறேன். அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர் இந்நேரம் யாரையாவது கூப்பிட்டிருப்பார். வாசலில் வந்து இறங்குவது எதுவானாலும், லாமாவைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.