திரை தெளிவாக இருக்கிறது, சாரே

அரசாங்கம் வாங்கும் கணினித் திரைக்கு ஆயுள் ஏழு வருடம். அதற்குள் பழுதாக அதற்கு அனுமதி கிடையாது. கொல்லம் காயல் படகுத் தகுதிப் பதிவகத்தின் பதினோரு திரைகளுக்கும் இன்னும் நான்கு வருடம் பாக்கி இருந்தது. ஆகவே அந்தத் திங்கட்கிழமை காலை, விலாசினியின் திரையில் எழுத்தெல்லாம் கஞ்சி ஆவி படிந்தது போல் தெரிந்தபோது, குற்றம் திரையுடையது என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

விலாசினி இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. வருகிற ஒன்றாம் தேதி தலைமைக் குமாஸ்தா ஆக வேண்டியவள். முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்த்தாள். மங்கல் போகவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லாக் கணினிகளிலும் புதுப்பிப்பு ஒன்று தானாக ஏறியிருந்தது. வீட்டில் மகளுடைய கணினியிலும் இதே கூத்துதான். திரைக்குப் படம் அனுப்புகிற டிரைவர் மென்பொருளின் புதுப் பதிப்பில் கோளாறு. அங்கே பழைய பதிப்புக்குத் திருப்பினாள், நாலே நிமிஷத்தில் சரியாகிவிட்டது. இங்கேயும் அதே பொத்தான் இருந்தது. அழுத்தினால் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லோ தலைநகரத்துத் தொழில்நுட்பப் பிரிவின் தனிச்சொத்து.

கண்காணிப்பாளர் ஜனார்த்தனக் குறுப்பிடம் போனாள்.

"சாரே, பழைய டிரைவரைப் போட்டா எல்லாம் சரியாயிடும். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க."

குறுப்பு பழம்பொரியைத் தட்டில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"மெதுவா பேசு மோளே. கோபிநாதன் எங்க?"

"இன்னும் வரலியே."

"வரமாட்டான். சனிக்கிழமை நீ லீவுல இருந்தப்ப, திரை மங்கலா இருக்குன்னு எழுதிக் குடுத்தான். பதில் வந்திருக்கு. கேளு."

குறுப்பு எழுந்து நின்று வாசித்தார். அரசுக் கடிதத்தை உட்கார்ந்து வாசிக்கிற வழக்கம் அவருக்கில்லை. "'புதுப்பிப்பு என்பது மேம்பாடு ஆகும். மேம்பாட்டினால் கேடு விளைதல் இயலாது. திரையின் ஆயுளும் முடிவடையவில்லை. எனவே எஞ்சியிருக்கும் உறுப்பு ஊழியரின் கண்ணே எனத் தெளிவுபடுத்தப்படுகிறது. மேற்படி ஊழியர் திரை தேவைப்படாத பணிக்கு மாற்றப்படுகிறார்.'"

"எங்க மாத்தினாங்க?"

"காசர்கோடு. கிடங்குல பழைய கயிறு எண்ணுற வேலை."

விலாசினி மனசுக்குள் கணக்குப் போட்டாள். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. காசர்கோடோ மாநிலத்தின் மறுகோடி.

"உங்க திரை எப்படி இருக்கு சாரே?"

"எனக்கென்ன? பளிங்கு மாதிரி இருக்கு" என்றார் குறுப்பு, கண்ணை இடுக்கிக்கொண்டே. "உனக்கு?"

"எனக்கும் பளிங்குதான் சாரே."

அன்று மாலைக்குள் அலுவலகம் முழுக்கப் பளிங்காகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஊழியர் சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு வந்தார்கள். பார்வைக் குறைவினால் அல்ல, இப்போது அதுதான் நாகரிகம் என்று விளக்கினார்கள். புதன்கிழமை எதிர்ச் சங்கம் பழுப்புச் சட்டத்தில் வந்தது. தங்கள் உறுப்பினர்களின் பார்வை மற்றவர்களுடையதைவிட ஒரு படி தெளிவானது என்று இரு சங்கங்களும் சாயாக்கடைச் சுவரில் தனித்தனியாக அறிக்கை ஒட்டின. விலாசினி எந்தச் சங்கத்திலும் இல்லை. ஆனாலும் பயம் இருந்தது. கறுப்பும் பழுப்பும் கலந்த சட்டமாகப் பார்த்து ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டாள். எந்தக் கண்ணாடியாலும் திரை தெளியவில்லை. மூக்குதான் வலித்தது.

வியாழக்கிழமை, புதுப்பிப்பின் வெற்றியை நேரில் அறிய இயக்குநர் குரியாக்கோஸ் வந்தார். ஒவ்வொரு மேசையாக நின்றார். "தெளிவா இருக்கா?" என்று கேட்டார். "தெளிவா இருக்கு சார்" என்று எல்லாரும் சொன்னார்கள். விலாசினியின் முறை வந்தபோது மட்டும் அவருக்கு ஓர் உற்சாகம் பிறந்தது.

"இந்த விண்ணப்பத்துல எத்தனை பயணிகள்னு போட்டிருக்கு? வாசிங்க பார்ப்போம்."

அது கிளீட்டஸ் என்ற படகுக்காரரின் விண்ணப்பம். கையால் எழுதியதைப் படமெடுத்துத் திரைக்கு அனுப்பிவிட்டு, காகிதத்தை ஒழித்துவிடுவது அங்கே நடைமுறை. திரையில் இரண்டு கொழுக்கட்டைகள் தெரிந்தன. இரண்டாவது பூஜ்யம். முதலாவது மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். 'தெரியல சார்' என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. காசர்கோட்டுக் கயிறு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"எண்பது சார்."

இயக்குநர் குனிந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார்.

"எண்பதேதான். எவ்வளவு தெளிவா இருக்கு!"

"எண்பது" என்றார் குறுப்பு. "எண்பது" என்றது கறுப்புச் சட்டம். "எண்பதே" என்று ஏகாரத்தைக் கூடுதலாகச் சேர்த்தது பழுப்புச் சட்டம். விலாசினி சான்றிதழில் எண்பது என்று அடித்தாள். இயக்குநர் அங்கேயே கையெழுத்திட்டார். இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையன்று, அதே படகில், ஊழியர்கள் குடும்பத்தோடு காயலில் வெற்றி விழா கொண்டாட வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

எழுபத்தெட்டுப் பேர் வந்தார்கள். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் அண்டா அண்டாவாக வந்தன. படகுத்துறையில் கிளீட்டஸ் கையை விரித்து மறித்தார்.

"சாரே, முப்பது பேர்தான் ஏறலாம். நான் முப்பதுன்னுதான் எழுதிக் குடுத்தேன்."

"சான்றிதழ்ல எண்பது இருக்கே" என்றார் இயக்குநர்.

"படகு கட்டினவன் நான் சாரே!"

"தகுதி குடுத்தது நாங்க. வழியை விடு."

விலாசினிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், ஒருவேளை முப்பதா இருக்குமோ…" என்று இழுத்தாள்.

எல்லாக் கண்ணாடிகளும் அவள் பக்கம் திரும்பின.

"அன்னிக்குத் தெளிவா தெரியுதுன்னு சொன்னீங்களே?" என்றார் இயக்குநர்.

"தெளிவாத்தான் இருந்துச்சு சார்."

மகளைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் ஏறினாள். அந்த ஒரு காரியத்துக்காகவாவது அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்குள் படகு இறங்க ஆரம்பித்தது. மூழ்கியது என்று சொல்வது முறையாகாது, உட்கார்ந்தது. இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல், பதிவகம் முழுவதும் மீன்கறியோடு நின்றது. கறுப்புச் சட்டமும் பழுப்புச் சட்டமும் ஒன்றாக மிதந்து போயின.

மறுவாரம் விசாரணை நடந்தது. சான்றிதழ் முறையானது. விண்ணப்பத்தைத் திரையில் பார்த்த அதிகாரிகளும் ஊழியர்களும் ஒருமனதாக எண்பது என்றே வாசித்திருக்கிறார்கள். முப்பது என்று சாதிப்பவர் மொத்தத்தில் ஒரே ஒருவர். ஆதலால் மேற்படி கிளீட்டஸ் கண் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், அதுவரை அவருடைய உரிமம் நிறுத்தி வைக்கப்படும் என்று தீர்ப்பானது. அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவர் புதிய தலைமைக் குமாஸ்தா விலாசினி. திரையில் ஓர் எழுத்தும் தெரியாவிட்டாலும் விரல்களுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

ஆணையை வாங்கிக்கொண்டு கிளீட்டஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"சேச்சி, நீங்களாவது சொல்லுங்க. நான் எழுதினதை நான் சரியாத்தானே வாசிச்சேன்?"

விலாசினி புதிதாக வாங்கிய கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டாள். பின்னால் குறுப்பு உட்கார்ந்திருந்தார்.

"அதுதான் சேட்டா உங்க கண்ணுல உள்ள கோளாறு."